செண்பகத்தோப்பும் குழந்தைகளின் உலாவும்: ஒரு வழக்கத்தின் வரலாறு

சிறு குழந்தைகளோடு குடும்பமாக வெளியூர் சென்று ஒரு பகலைக் கழிப்பதற்கென்றே வேலியிட்ட இடத்தை அமைத்து, வாசலில் சீட்டு விற்று, உள்ளே ராட்டினங்களையும் நீர்ச்சறுக்குகளையும் நிறுவும் கேளிக்கைப் பூங்கா, தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. அத்தகைய பகலுக்கான தேவையோ அதைவிட மிகப் பழையது. ஒவ்வொரு வட்டாரமும் தன் மலை, ஆறு, கோயில் ஆகியவற்றைக் கொண்டு அத்தேவையைத் தனக்குரிய முறையில் நிறைவேற்றிக்கொண்டது. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் பொதுவான மலையடிவாரமாக விளங்கும் செண்பகத்தோப்பு, இவ்வழக்கத்தின் வளர்ச்சியையும் தேய்வையும் ஒருசேரக் காட்டும் இடங்களில் ஒன்றாகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்த இப்பகுதி மழை மறைவு நிலமாகும். அதாவது, தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பால் கேரளப் பக்கத்திலேயே பொழிந்துவிட, இப்பக்கத்து ஓடைகள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையை நம்பியே ஓடுகின்றன. கரிசலும் செம்மண்ணுமாக வெயிலில் காயும் ஊர்களிலிருந்து மேற்கே இரண்டு, மூன்று மணி நேர வண்டிப் பயணத்தில் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, பாறைகளுக்கிடையே தேங்கிய நீர், அதற்கப்பால் அடர்ந்த காடு என்று நிலம் மாறிவிடுவதே செண்பகத்தோப்பின் கவர்ச்சி. மீன்வெட்டிப் பாறை அருவியும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலோடு தொடர்புடைய காட்டழகர் என்னும் சுந்தரராசப் பெருமாளின் கோயிலும், ராக்காச்சி அம்மன் கோயிலும் இந்த மலைப்பகுதியில் உள்ளன. ராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள நீர்காத்த அய்யனார் கோயிலும் இதே வகையைச் சேர்ந்தது. தெய்வம், நீர், நிழல் மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருந்ததால், வழிபாட்டுக்குச் செல்வதும் இளைப்பாறச் செல்வதும் தனித்தனிப் பயணங்களாகப் பிரியவில்லை.

ஆண்டின் சில நாட்கள் இத்தகைய உலாவுக்கு உரியவையாகவே கருதப்பட்டன. நீர்நிலையைத் தேடிச் சென்று சித்திரான்னம் உண்ணும் ஆடிப்பெருக்கும், தைப்பொங்கலை அடுத்த காணும் பொங்கலும் தமிழகமெங்கும் அறியப்பட்டவை. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெற்கே வந்து குடியேறிய தெலுங்கு பேசும் மக்கள் இவ்வட்டாரத்தில் மிகுதி. அம்மொழி பேசுவோரிடையே கார்த்திகை மாதத்தில் நெல்லி மரத்தடியில் கூடி உண்ணும் வனபோஜனம் என்னும் வழக்கமும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை என்னும் சிறு குன்றின் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திரளும் கூட்டமும் குழந்தைகளோடு வரும் குடும்பக் கூட்டமே. இவற்றுக்கு மேல், குழந்தைக்கு முடியிறக்குதலும் காதுகுத்தும் குலதெய்வக் கோயிலிலேயே நடக்க வேண்டும் என்ற மரபினால், குலதெய்வம் மலையடிவாரத்தில் உள்ள குடும்பங்களின் ஒவ்வொரு குழந்தைக்கும் அடிவாரப் பயணம் ஒன்றேனும் வாய்த்துவிடும்.

இப்பயணத்துக்கான திட்டம் எழுதி வைக்கப்பட்டதில்லை. அது கட்டுச்சோற்றிலும் வண்டியிலும் பொதிந்திருந்தது. கட்டுச்சோறு என்பது வழியில் உண்பதற்காக முன்னதாகச் சமைத்து இலையிலோ துணியிலோ கட்டி எடுத்துச் செல்லும் உணவு. புளிக்காய்ச்சலின் புளிப்பும் உப்பும் சோறு விரைவில் கெடாமல் காத்தன, நல்லெண்ணெய் அது வறண்டுபோகாமல் பார்த்துக்கொண்டது. எனவே விடியலில் கிளறிய புளியோதரை பிற்பகல் வரை தாங்கியது. சின்னக் குழந்தைகளுக்குக் காரமில்லாத தயிர்ச்சோறு தனித் தூக்குவாளியில் சென்றது. அதையும் பாலூற்றிப் பிசைந்து சிறிதளவு மட்டும் உறைமோர் விட்டால் உண்ணும் வேளைக்குப் புளிக்காமல் பதமாக இருக்கும் என்பது வீடுதோறும் அறிந்த நுட்பம். இடையிடையே கொறிக்க முறுக்கும் சீடையும் உண்டு. கோடையில் தோப்பிலேயே கிடைக்கும் மாம்பழத்துக்கு, குறிப்பாக ராஜபாளையம் பகுதிக்குப் பேர்போன சப்பட்டைக்கு, எதுவும் ஈடாகாது.

வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்த கூண்டு வண்டியில், வெயில் ஏறுமுன் சென்று சேர்வதும், பொழுது சாயுமுன் திரும்புவதும் முறையாக இருந்தன. மாடுகளுக்கே இடைவேளை தேவைப்பட்டதால் பயணத்தின் வேகம் குழந்தைகளுக்கும் ஏற்றதாக அமைந்தது. சேர்ந்த இடத்தில் மரக்கிளையில் ஒரு பழைய சேலையைக் கட்டினால் தூளி ஆயிற்று. கைக்குழந்தையின் பகல் தூக்கம் வீட்டில் நடப்பது போலவே நடந்தது. பாட்டி, அத்தை, சித்தி, மாமன் என்று பலர் உடனிருந்ததால் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல கைகளில் மாறியது. பாறையில் ஏறுவது, நீரில் கல்லெறிவது, மரத்தில் அணிலைத் தேடுவது என்பவற்றைத் தவிர அங்கே செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றைப் பார்க்கத் தவறிவிடுவோமோ என்ற பதற்றம் எழ இடமில்லாததே அந்தப் பகலின் நிதானத்துக்கு முதற்காரணம் எனலாம்.

ஆயினும் அந்த நிதானம் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததாக எண்ணிவிடலாகாது. பின்னிரவிலேயே எழுந்து பத்துப் பதினைந்து பேருக்குச் சோறு வடித்துக் கட்டியவர்கள் பெண்கள். மரத்தடியில் பரிமாறியவர்களும் திரும்பியபின் பாத்திரம் துலக்கியவர்களும் அவர்களே. சாதியின் வேலியும் இருந்தது: 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவும், அதையொட்டிப் பிறந்த சட்டமும், 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டமும் வரும் வரையில், கோயிலை மையமாகக் கொண்ட உலா ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பெரும்பாலும் வாசலைத் தாண்டித் திறந்திருக்கவில்லை. தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் இக்காட்டிலேயே வாழ்ந்து, இன்றும் செண்பகத்தோப்பில் குடியிருக்கும் பளியர் என்னும் பழங்குடியினர், ஊர்க்காரர்களின் நினைவுகளில் வழிகாட்டிகளாக மட்டுமே தலைகாட்டுகின்றனர். பழைய வழக்கத்தைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவற்றைக் கடந்துவிடுகின்றனர்.

குழந்தைகளுக்கான மற்றொரு களிப்பிடம் திருவிழாக் கடைவீதி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போதும், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலின் ஆடிக் கடைசி வெள்ளியின்போதும் பொம்மைக் கடை, மிட்டாய்க் கடை ஆகியவற்றோடு ராட்டினமும் வந்து நின்றது. நான்கு மரத்தொட்டிகளைக் குறுக்குச் சட்டங்களில் மாட்டி ஆளே கையால் தள்ளிச் சுற்றும் தொட்டில் ராட்டினம் கீழை நாடுகளில் நெடுங்காலமாக வழங்கிய ஒன்று; 1620இல் துருக்கியப் பேரரசின் வழியே பயணம் செய்த பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலேயர், பெருநாள் கொண்டாட்டத்தில் இத்தகைய சுழல் ஊஞ்சல்களைக் கண்டு குறிப்பெழுதியுள்ளார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெர்ரிஸ் எழுப்பிய இரும்புச் சக்கரம் அதன் பேருருவம் என்றே கொள்ளத்தக்கது.

20ஆம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் உலாவின் எல்லையை விரித்தன. 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில்பாதை திறக்கப்பட்டதும், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மக்களுக்குக் குற்றாலத்தின் சாரல் காலம் எட்டும் தொலைவுக்கு வந்தது. 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதை அடுத்து நூற்பாலைகள் பெருகவே, பண்டிகையைச் சாராத விடுமுறை என்பது ஆலைச் சங்குக்கு ஏற்ப வாழ்ந்த குடும்பங்களுக்கு அறிமுகமாயிற்று. பஞ்சாங்கம் குறித்துக் கொடுத்த நாளில் சென்றவர்கள், வார ஓய்வு நாளில் செல்லத் தலைப்பட்டனர். விடுதலைக்குப் பின் அணைகளின் கரையில் அரசு அமைத்த பூங்காக்கள் அடுத்த கட்டமாகும். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் பூங்கா, தென்மாவட்டப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சுற்றுலா என்ற சொல்லுக்கே பொருளாக இருந்தது.

கட்டணக் கேளிக்கைப் பூங்காவின் வரலாறு ஐரோப்பாவில் தொடங்குகிறது. கோபன்ஹேகன் நகரின் டிவோலி 1843இல் திறக்கப்பட்டது. ஒரு கதையையோ கற்பனை உலகத்தையோ மையப்பொருளாகக் கொண்டு முழு இடத்தையும் அமைக்கும் பூங்காவுக்கு முன்மாதிரியான டிஸ்னிலேண்ட், 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்டது. மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தாம் பெஞ்சில் வெறுமனே அமர்ந்திருந்தபோது, பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து மகிழும் இடம் வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதாக வால்ட் டிஸ்னி பின்னர் கூறினார். இந்தியாவில், 1982 ஆசிய விளையாட்டின் யானைச் சின்னத்தின் பெயர் தாங்கிய அப்பு கர் 1984இல் டெல்லியிலும், எஸ்ஸெல் வேர்ல்ட் 1989இல் மும்பையிலும் தோன்றின. தமிழ்நாட்டில், முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' தயாரித்த நவோதயா அப்பச்சன் தாம்பரம் அருகே 1995இல் கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். பின்னர் மதுரைக்கு அருகே பரவையில் அதிசயம் பூங்கா வந்ததும், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பிள்ளைகளுக்கும் நீர்ச்சறுக்கும் அலைக்குளமும் ஒருநாள் பயணமாயின.

இப்பூங்காக்கள் சாதி கேட்பதில்லை. பெண்களை அடுப்படியிலிருந்து ஒருநாள் விடுவிக்கின்றன. இவ்விரண்டும் சிறிய பேறுகளல்ல. ஆனால் மிகச் சிறிய குழந்தைகளைப் பொறுத்தவரை அவை பழைய தோப்பை விஞ்சவில்லை. பாதுகாப்புக்காக விதிக்கப்படும் உயர வரம்பு, அதாவது குறிப்பிட்ட உயரத்துக்குக் குறைந்தோரை ஏற்றக்கூடாது என்ற விதி, பெரிய ராட்டினங்களை அவர்களுக்கு மூடிவிடுகிறது. அண்ணன் ஏறுவதைத் தம்பி அழுதபடி பார்க்க நேர்கிறது. கொடுத்த கட்டணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பெற்றோரின் கணக்கு, நண்பகல் வெயிலில் வரிசையில் நிற்கவும், பகல் தூக்கத்தைக் கைவிடவும் செய்கிறது. முன்பு பலர் பகிர்ந்துகொண்ட காவல், தனிக்குடும்பத்தில் இருவர்மேல் விழுகிறது. பூங்காவுக்குச் செல்வோரும் பார்க்க வேண்டியவற்றை இரண்டு, மூன்றாகக் குறைத்து, நண்பகலை நிழலுக்கும் உறக்கத்துக்கும் ஒதுக்கி, ஒரு பாட்டியையோ சித்தியையோ உடன் அழைத்துச் சென்றால், மாட்டுவண்டிக் காலத்தின் நிதானத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ள இயலும்.

செண்பகத்தோப்பின் நிலையோ சட்டத்தால் மாறியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டைக் காப்புக்காடாக வரையறுத்து நுழைவை அனுமதிக்கு உட்படுத்தியது. அரிதாகிவிட்ட சாம்பல் நிற மலை அணிலைக் காக்க 1988இல் சுமார் 480 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இப்பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. 2015 மே மாதத்தில் அருகிலுள்ள சதுரகிரியில் திடீர்க் காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் பலரின் உயிரைப் பறித்தபின், மலைக்கோயில்களுக்குச் செல்வதில் கட்டுப்பாடுகள் கடுமையாயின. குடும்பம் குடும்பமாக ஓடையோரம் அடுப்பு மூட்டிய காலம் முடிந்தது. காட்டின் நலன் கருதினால் அது முடிந்ததில் தவறில்லை.

இன்று சிறு குழந்தைகளோடு அடிவாரத்துக்குச் செல்ல விரும்புவோருக்கு, மழை ஓய்ந்து ஓடைகளில் நீர் தெளிந்திருக்கும் மார்கழி, தை மாதங்களின் முற்பகலே உகந்தது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் அன்றைய அனுமதி நிலையை முதலில் கேட்டறிய வேண்டும்; மலையுச்சியில் கருமேகம் தென்பட்டால், அடிவாரம் வெயிலாக இருந்தாலும், குழந்தைகளை ஓடையில் இறக்காமல் திரும்பிவிட வேண்டும்.