தாழ்ப்பாள் யார் கையில்?

2019 நவம்பரில் என் கைப்பேசியில் டஸ்கி என்ற செயலியை இறக்கினேன். மூத்த வழக்குரைஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டிருந்த நேரம். முடக்கத்துக்கான காரணங்களில் ஒன்று, அவர் பகிர்ந்திருந்த ஓர் இந்திக் கவிதை. கவிதை எழுதுகிறவளுக்கு அது போதாதா? அதே நாட்களில், நீலக்குறி வழங்குவதில் சாதி பார்க்கிறார்கள் என்று தலித், பகுஜன் குரல்கள் கொதித்துக்கொண்டிருந்தன. இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் மாஸ்டடானுக்குப் பெயர்ந்தது. நானும் போனேன்.

மாஸ்டடான் ஒரே முதலாளியின் ஒரே தளம் அன்று. ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மென்பொருள். யாரும் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம். சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியின் பெயர் ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அதைத் தரநிலையாக ஏற்றது. கணினி வரலாறு என்றால் ஆண்பெயர்ப் பட்டியல் ஒப்பிக்கும் மாணவிகளிடம், அதை எழுதியவர்களில் கிறிஸ்டின் லெம்மர்-வெப்பர், ஜெஸிகா டாலன் ஆகியோரைச் சொல்வதுண்டு. எழுதியவர்களில் பெரும்பாலோர் பால்புதுமையர் என்றும், வேண்டாதவரைத் தடுக்கும் வசதிகளில் தங்களுக்கு அக்கறை வந்தது அதனால்தான் என்றும் லெம்மர்-வெப்பரே கூறியிருக்கிறார்.

ஆனாலும் எனக்கு அடி விழுந்தது. தோழி ஒருத்திக்குத் தனிச்செய்தி எழுதினேன். துறைசார்ந்த ஒரு மூத்தவர் ஆய்வு மாணவிகளிடம் பேசும் விதம் பற்றி. யாரென்று விளங்கட்டும் என அவருடைய கணக்குப் பெயரையும் அட் குறியோடு சேர்த்துவிட்டேன். அங்கே தனிச்செய்தி என்பது, பெயர் குறிக்கப்பட்ட எல்லோருக்கும் போகும் பதிவு. அவருக்கும் போயிற்று. அவர் பதில் எழுதவில்லை. அடுத்த கருத்தரங்கில் என் கட்டுரைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினார். போதாக்குறைக்கு, அந்தச் செய்திகள் மறைகுறியாக்கப்படுவதுமில்லை. சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். மூன்றாவது பெயர் நுழைந்த கணமே செயலி கையைப் பிடித்து, “இவருக்குமா?” என்று கேட்க வேண்டும். என் பட்டியலில் இன்றும் முதலிடம் இதற்கே.

வசதி என்பதும் ஒருமுகமானது அல்ல. பதிவை ஓர் எச்சரிக்கை வரிக்குப் பின்னால் மடித்துவைக்கும் வசதியை, வன்முறையிலிருந்து மீண்ட பெண்கள் எவ்வளவு விரும்பினார்கள்! 2022இல் ட்விட்டர் கைமாறியபோது வந்த கறுப்பினத்தவரிடம், இனவெறி அனுபவங்களையும் அப்படி மடித்துவைக்கச் சொன்னார்கள். அடுப்படியில் போய் அழு என்பதன் இன்னொரு வடிவம். மேற்கோள் காட்டிப் பகிரும் வசதி இல்லாததும் அவர்களுக்குக் குறையே; குரலும் எதிர்க்குரலுமாக வளர்ந்த மரபு அவர்களுடையது. அது ஏளனத்துக்கே உதவும் என்று ரோச்கோ 2018இல் மறுத்திருந்தார். ஏளனத்துக்கு ஆளானவள் என்ற முறையில் அவர் சொன்னதையும் என்னால் தள்ள முடியவில்லை. 2025இல்தான் அது வந்தது: தன்னை யார் மேற்கோள் காட்டலாம் என்று எழுதியவரே முடிவுசெய்யலாம், பிறகு விலக்கிக்கொள்ளவும் செய்யலாம். இது நல்ல ஏற்பாடு.

தன் சர்வரைத் தாண்டாத பதிவு வேண்டும் என்பது இன்னொரு பழைய கோரிக்கை. ஹோம்டவுன் போன்ற கிளை மென்பொருள்கள் அதைச் செய்கின்றன. மூல மாஸ்டடான் செய்யவில்லை. திண்ணைப் பேச்சு ஊருக்கெல்லாம் கேட்க வேண்டியதில்லை என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

சர்வர் மாறினால் பின்தொடர்வோர் கூட வருவார்கள், எழுதியவை வரா. புகுந்த வீட்டுக்குப் போகிறவள் நோட்டுகளைப் பரணில் விட்டுப்போவதுபோல. நான் இருந்த சர்வரை நடத்தியவர், செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஒரு நாள் மூடிவிட்டார். ஆளை அனுப்பினேன், கவிதைகளை இறக்கிவைக்க மறந்துபோனேன். இரண்டு கவிதைகள் மட்டும் தோழியின் கைப்பேசியில் படமாக இருந்தன. அவள் அனுப்பிவைத்தாள்.