பெயரும் மெய்யும்: பான்டியாக் ஜி.டி.ஓ. காரின் வரலாறு

பழம்பொருள்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு முதற்கண் எழும் வினா, கையிலுள்ள பொருள் மெய்யானதுதானா என்பதாகும். கல்வெட்டாயினும் நாணயமாயினும் ஏட்டுச்சுவடியாயினும் இவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே ஆய்வு மேற்செல்லும். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாகச் செய்யப்படும் இயந்திரப் பொருள்களுக்கு இவ்வினா தேவையில்லை என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒன்றைப் போலவே மற்றொன்று இருப்பதால், அங்கேதான் மெய்யைப் பிரித்தறிதல் அரிதாகிறது. அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்னும் விரைவுக் காரின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

தோன்றிய சூழல்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்ப் பிரிவுகளுள் பான்டியாக் ஒன்றாக இருந்தது. 1950களின் நடுப்பகுதி வரை அது முதியோர்க்குரிய கார் என்றே எண்ணப்பட்டது. அதன் பின்னர்ப் பந்தயங்களில் பெற்ற வெற்றிகளே அப்பெயரை மாற்றி இளைஞரை ஈர்த்தன. இந்நிலையில், 1963ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், எந்தப் பிரிவும் இனிப் பந்தயங்களுக்குத் துணைபோகலாகாது என்று தலைமை நிறுவனம் ஆணையிட்டது. பந்தயத்தால் பெயர் பெற்ற பிரிவுக்கு அந்த வழி அடைபட்டது.

அப்பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் ஜான் டிலோரியன். அவரும் பில் காலின்ஸ், ரசல் ஜீ ஆகிய பொறியாளர்களும் வேறொரு வழியைக் கண்டனர். பான்டியாக்கின் நடுத்தர அளவுக் காரான டெம்பெஸ்டில் 326 கன அங்குல இயந்திரம் பொருத்தப்பட்டு வந்தது. பெரிய கார்களுக்குரிய 389 கன அங்குல இயந்திரமும் புற அளவில் அதனை ஒத்ததே. எனவே, சட்டத்தை மாற்றாமலே சிறிய காரில் பெரிய இயந்திரத்தை அமர்த்த முடிந்தது. இதுவே ஜி.டி.ஓ. பிறந்த கதை.

ஆயின் ஒரு தடை இருந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் கூடாது என்பது தலைமை நிறுவனத்தின் விதி. புதிய மாதிரி ஒன்றை வெளியிட வேண்டுமாயின் தலைமையின் இசைவு வேண்டும். ஏற்கெனவே உள்ள மாதிரிக்கு விருப்பத் துணைக்கருவிகளைச் சேர்ப்பதற்கு அத்தகைய இசைவு வேண்டுவதில்லை. ஆதலின், ஜி.டி.ஓ. தனி மாதிரியாக வெளிவரவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரை வாங்குவோர் ஏறத்தாழ 295 டாலர் கூடுதலாகச் செலுத்திப் பெறும் ஒரு தொகுதியாகவே வந்தது. பிரிவின் தலைவராக இருந்த எஸ்டிஸ் இதற்கு இசைந்தார். விற்பனைப் பகுதியினர் ஐயுற்றமையால் 5,000 கார்களே முதற்கண் திட்டமிடப்பட்டன. அவ்வாண்டில் விற்றவையோ 32,450.

விதியைச் சுற்றிச் சென்ற இந்தச் சூழ்ச்சி அன்று வெற்றி தந்தது. ஆனால், பின்னாளில் மெய்க்கும் போலிக்கும் இடையே எழுந்த குழப்பங்களின் வித்தும் அதிலேயே இருந்தது. தனி மாதிரியாகப் பிறக்காத பொருளுக்குத் தனி அடையாளம் எங்ஙனம் அமையும்?

இரவல் பெயர்

தமிழ் இலக்கணம் பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பகுக்கும். ஜி.டி.ஓ. என்னும் மூன்றெழுத்து இத்தாலிய மொழியில் ‘கிரான் டூரிஸ்மோ ஒமொலொகாட்டோ’ என்பதன் சுருக்கம். பந்தயத்துக்கு ஏற்புடையது எனச் சான்று பெற்ற நெடும்பயணக் கார் என்பது அதன் பொருள். 1962ஆம் ஆண்டில் வெளிவந்த பெராரி 250 ஜி.டி.ஓ. காருக்கு இது காரணப்பெயர். டிலோரியன் அதனை எடுத்துத் தம் காருக்குச் சூட்டினார். பான்டியாக் காரோ அத்தகைய பந்தயச் சான்று எதனையும் பெற்றதன்று. ஆகவே, அங்கே அது காரணம் இழந்து இடுகுறியாயிற்று. இரவல் பெயர் என்று ஐரோப்பியக் கார்களில் பற்றுடையோர் பலர் குறைகூறினர்.

எனினும், பெராரியின் பெயரும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. சான்று பெற நூறு கார்கள் செய்யப்பட வேண்டும் என்பது விதி. செய்யப்பட்டவையோ ஏறத்தாழ 36தான். பழைய மாதிரியின் வளர்ச்சியே இது என்று வாதிட்டே அந்நிறுவனம் சான்று பெற்றது.

பான்டியாக் காரின் பக்கவாட்டில் பதிக்கப்பட்ட சின்னத்திலும் இத்தகைய மிகைக்கூற்று உண்டு. அது 6.5 லிட்டர் என்று பறைசாற்றியது. 389 கன அங்குலத்தை லிட்டராக மாற்றினால் 6.4 என்றே வரும். 1967இல் இயந்திரம் 400 கன அங்குலமாக வளர்ந்த பின்னரே சின்னத்தின் கூற்று மெய்யாயிற்று. உடல் வளர்ந்து சட்டைக்குப் பொருந்தியது போன்றது இது.

ஆண்டுக்கு ஆண்டு தோன்றிய வேறுபாடுகள்

ஓர் ஆண்டின் ஜி.டி.ஓ. காரை மற்றோர் ஆண்டினின்றும் பிரித்தறிதல் கடினமன்று. 1964ஆம் ஆண்டுக் காரில் முகப்பு விளக்குகள் இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் அமைந்திருக்கும். பானெட்டின் மீது காற்று வாய்கள் இரண்டு காணப்படும். அவை அழகுக்காக அமைந்தவையே, காற்றை உட்செலுத்துவன அல்ல. நான்கு குழல் கார்புரேட்டர் ஒன்றுடைய இயந்திரம் 325 குதிரைத்திறனும், இரு குழல் கார்புரேட்டர் மூன்றுடையது 348 குதிரைத்திறனும் உடையன எனக் குறிக்கப்பட்டன.

1965இல் முகப்பு விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன. காற்று வாய் ஒன்றாயிற்று. குதிரைத்திறன் 335 என்றும் 360 என்றும் உயர்ந்தது. விற்பனை 75,352 ஆகப் பெருகியது. இவ்வெற்றியைக் கண்ட நிறுவனம் 1966இல் ஜி.டி.ஓ.வைத் தனி மாதிரியாக ஏற்றது. அவ்வாண்டில் விற்ற 96,946 கார்களே இதன் வரலாற்றில் உச்சம்.

1966, 1967 ஆகிய இரண்டாண்டுக் கார்களும் உருவில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. முகப்பிலுள்ள கம்பித்தட்டியையும் பின்விளக்குகளையும் உற்று நோக்கியே வேறுபாடு காண வேண்டும். ஆனால், உள்ளே மாற்றம் பெரிது. மூன்று கார்புரேட்டர் முறை 1966உடன் முடிவுற்றது. 1967இல் 400 கன அங்குல இயந்திரமும் மூன்று வேகத் தானியங்கிக் கியரும் வந்தன.

1968இல் உடலமைப்பு முற்றிலும் புதிதாயிற்று. சிறு மோதலில் நசுங்காது மீண்டும் பழைய உருப்பெறும் எண்டூரா என்னும் முகப்பு இவ்வாண்டின் புதுமை. 1969இல் ‘நீதிபதி’ எனப் பொருள்படும் ‘தி ஜட்ஜ்’ என்னும் தொகுதி வந்தது. பின்புற இறக்கையும் வண்ணப்பட்டைகளும் அதன் அடையாளங்கள். அவ்வாண்டில் அதனைப் பெற்ற கார்கள் 6,833; அவற்றுள் திறந்த கூரையுடையவை 108 மட்டுமே. 1971ஆம் ஆண்டின் திறந்த கூரை ஜட்ஜ் கார்களோ 17தான்.

அதன் பின்னர் வீழ்ச்சி விரைந்தது. காப்புறுதிக் கட்டணம் இளைஞர்க்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கு இணங்க இயந்திரங்களின் அழுத்த விகிதம் 1971இல் குறைக்கப்பட்டது. 1972இல் ஜி.டி.ஓ. தன் தனிநிலையை இழந்து மீண்டும் லெமான்ஸ் காரின் துணைத் தொகுதியாயிற்று. 1974இல் வென்ச்சுரா என்னும் சிறிய காரில் 350 கன அங்குல இயந்திரத்துடன் இறுதியாக வெளிவந்து மறைந்தது. 2004 முதல் 2006 வரை ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்ட ஹோல்டன் மொனாரோ காருக்கு இப்பெயர் மீண்டும் சூட்டப்பட்டது. அப்போதும் அஃது இரவலாகவே நின்றது. ஆனால் இம்முறை இரவலாக வந்தது பெயரன்று, உடல்.

எண்ணும் ஏடும்

ஆண்டை அறிதல் எளிது. மெய்யை அறிதலே அரிது. ஜி.டி.ஓ.வும் லெமான்ஸும் ஒரே உடலமைப்பு உடையவை. சின்னங்களும் கம்பித்தட்டிகளும் பானெட்டுகளும் இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஜி.டி.ஓ.வின் விலை லெமான்ஸின் விலையைவிடப் பன்மடங்கு உயர்ந்ததும், லெமான்ஸ் கார்களை ஜி.டி.ஓ.வாக ஒப்பனை செய்வோர் தோன்றினர். ஆகவே, கண்ணுக்குப் புலனாவன எவையும் சான்றாகா. எண்களையே நாட வேண்டியுள்ளது.

ஒவ்வொரு காருக்கும் தொழிற்சாலை இட்ட அடையாள எண் உண்டு. 1966 முதல் 1971 வரை ஜி.டி.ஓ. தனி மாதிரியாக இருந்தமையால், அவ்வாண்டுகளின் எண்கள் 242 என்று தொடங்கும். அவ்வாறு தொடங்காத கார், எத்துணை அழகுற அமைந்திருப்பினும், ஜி.டி.ஓ. அன்று. ஆனால், 1964ஆம் ஆண்டின் எண் 824 என்றும், 1965ஆம் ஆண்டின் எண் 237 என்றும் தொடங்கும். அவை லெமான்ஸ் காருக்குரிய எண்கள். ஜி.டி.ஓ. தொகுதியைப் பெற்றதற்கும் பெறாததற்கும் அவற்றில் வேறுபாடு இல்லை. அன்று தலைமையின் விதியைக் கடக்க உதவிய மறைவே இன்று ஆய்வாளர்க்குத் திரையாக நிற்கிறது. ஜட்ஜ் கார்களின் நிலையும் இதுவே. 242 என்னும் எண் அது ஜி.டி.ஓ. என்று மட்டும் கூறும். ஜட்ஜ் என்று கூறாது.

இந்நிலையில் ஆய்வாளர் துணைச்சான்றுகளை ஒப்புநோக்குவர். இயந்திரத்தில் அதன் வகையைக் காட்டும் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். வார்ப்பில் நாளும் இருக்கும். முதலெழுத்து திங்களையும், நடுவிலுள்ள எண் நாளையும், இறுதி எண் ஆண்டையும் குறிக்கும். ‘ஏ’ என்பது ஜனவரி, ‘பி’ என்பது பிப்ரவரி என இவ்வரிசை செல்லும். உடலின் தகட்டில் உடல் செய்யப்பட்ட திங்களும் வாரமும் உண்டு. கார் முடிந்து வெளியேறிய நாளுக்குப் பின்னர் வார்க்கப்பட்ட இயந்திரம் அதன் பிறவி இயந்திரமாக இருத்தல் இயலாது. 1968 முதல் காரின் எண்ணின் ஒரு பகுதி இயந்திரத்திலும் பொறிக்கப்பட்டமையால் இச்சோதனை மேலும் உறுதி பெற்றது. ஆயினும், பழைய குறியைத் தேய்த்துவிட்டுப் புதியது பொறிப்போரும் உளர்.

எல்லாவற்றினும் வலிய சான்று காரில் இல்லை, ஏட்டில் இருக்கிறது. தொழிற்சாலை ஒவ்வொரு காரையும் விற்பனையாளர்க்கு அனுப்பியபோது, அதில் என்னென்ன தொகுதிகள் சேர்ந்தன என்று பட்டியல் எழுதியது. 1961ஆம் ஆண்டு முதலான அப்பட்டியல்கள் நுண்படச் சுருள்களாகப் பாதுகாக்கப்பட்டு, பான்டியாக் வரலாற்றுச் சேவை என்னும் அமைப்பின் வழியே உரியவர்களுக்குப் படியெடுத்து வழங்கப்படுகின்றன. விலையைக் கணக்கிட எழுதிய ஒரு தாள் வரலாற்று ஆவணமாயிற்று.

சோதனைக் காரின் கதை

1964ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ‘கார் அண்ட் டிரைவர்’ என்னும் அமெரிக்க இதழ், பான்டியாக் ஜி.டி.ஓ.வையும் பெராரி ஜி.டி.ஓ.வையும் ஒப்பிட்டுக் கட்டுரை வெளியிட்டது. உண்மையில் பெராரி கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று ஓடவும் இல்லை. அட்டையில் இருந்தது ஓவியமே. பான்டியாக் கார் 4.6 நொடியில் மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டியது என்று அவ்விதழ் எழுதியது. இச்செய்தி அக்காரின் புகழை நாடெங்கும் பரப்பியது.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், அக்காரின் விளம்பரப் பொறுப்பை ஏற்றிருந்த ஜிம் வேங்கர்ஸ் ஓர் உண்மையை வெளியிட்டார். சோதனைக்குத் தரப்பட்ட காரில் இருந்தது 389 கன அங்குல இயந்திரமன்று. புறத்தோற்றத்தில் அதனை ஒத்த 421 கன அங்குல இயந்திரம். அதாவது, ஜி.டி.ஓ.வின் புகழுக்கு அடிப்படையாயமைந்த காரே மெய்யான ஜி.டி.ஓ. அன்று. அதன் அடையாள எண்ணை ஆராய்ந்திருந்தாலும் இது வெளிப்பட்டிராது.

வரலாறு கற்பிப்பது

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க கருத்துகள் இரண்டு. ஒன்று, மெய்ம்மை என்பது தோற்றத்தில் அடங்குவதன்று. ஒரு பொருள் எங்கே, எப்போது, எவ்வாறு பிறந்தது என்னும் தொடர்ச்சியே அதன் மெய்ம்மை. அத்தொடர்ச்சியைக் காப்பது ஆவணம். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டு மூலபாடத்தை நிறுவுவோரும், வார்ப்பு நாளையும் உடல் தகட்டையும் ஒப்புநோக்குவோரும் கையாளும் நெறி ஒன்றே. எந்தச் சான்றும் தனித்து நின்று தீர்ப்புக் கூறுவதில்லை. சான்றுகள் தம்முள் முரணாது நிற்கும்போதே உண்மை துலங்குகிறது.

மற்றொன்று, போலியால் நேரும் இழப்பு வாங்குவோனது பொருளிழப்பு மட்டுமன்று. ஒரு லெமான்ஸ் காரை ஜி.டி.ஓ.வாக மாற்றும்போது போலி ஜி.டி.ஓ. ஒன்று கூடுகிறது என்பதையே பலரும் காண்பர். மெய்யான லெமான்ஸ் ஒன்று குறைகிறது என்பதைக் காண்பார் சிலரே. ஓர் எளிய குடும்பம் வாங்கிப் பயன்படுத்திய காருக்கும் தனக்கெனப் பிறப்பும் வரலாறும் உண்டு. புகழ்மிக்க பெயரொன்றைச் சூட்டுவதற்காக அவ்வரலாறு அழிக்கப்படுகிறது. மாற்றியமைத்ததை மாற்றியமைத்தது என்றே சொல்லி விற்பதில் குற்றமில்லை. சொல்லாமல் மறைப்பதிலேயே வரலாறு பொய்யாகிறது. தன் பெயரால் அறியப்படும் எளிய பொருள், பிறிதொன்றன் பெயரைத் தாங்கிய உயர்ந்த பொருளினும் மெய்யில் உயர்ந்தது எனலாம்.