போஷகர் யார் என்று தீர்மானிக்க முன்னர்: ஹிஜாஸ் புகையிரதப் பாதையின் கணக்கு



நமது பாடசாலையின் வகுப்பறைக் கட்டடத்துக்கு நிதி சேர்ப்பது பற்றி இதுவரை மூன்று கூட்டங்கள் நடந்துவிட்டன. மூன்றிலும் அதிக நேரம் போனது ஒரே கேள்விக்குத்தான். போஷகராக யாரைப் போடுவது? ஒரு தரப்பு அரசியல்வாதி ஒருவரைச் சொல்கிறது. இன்னொரு தரப்பு கொழும்பில் இருக்கும் தனவந்தர் ஒருவரைச் சொல்கிறது. இளைஞர்கள் கிரிக்கெட் வீரர் ஒருவரை அழைத்து வரலாம் என்கிறார்கள். "மேலே ஒரு பெரிய பெயர் இருந்தால் பணம் தானாக வரும்" என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை.

இந்த நம்பிக்கை சரிதானா? நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஆகவே வரலாற்றிடமே கேட்டுப் பார்த்தேன். பதிவு கொஞ்சம் நீளம். அடுத்த கூட்டத்துக்கு முன்னர் பொறுமையாக வாசித்துவிட்டு வாருங்கள்.

*

1900ஆம் ஆண்டில் முஸ்லிம்களிடையே உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதை விடப் பெரிய பெயர் இருக்கவில்லை. சுல்தான் மட்டுமல்லாமல் கலீஃபா என்ற பட்டமும் அவருக்கு இருந்தது. அந்த ஆண்டு அவர் ஒரு அறிவிப்புச் செய்தார். டமஸ்கஸிலிருந்து மதீனா வழியாக மக்கா வரை புகையிரதப் பாதை போடப்படும். அதற்கான பணத்தை உலக முஸ்லிம்களே தருவார்கள்.

அன்று டமஸ்கஸிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு மதீனாவுக்குப் போக ஏறத்தாழ 40 நாள். வெயில், தாகம், நோய், வழிப்பறி எல்லாம் அதில் அடக்கம். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வஸிய்யத் எழுதிவிட்டுப் போன காலம் அது.

ஆனால் உஸ்மானிய அரசிடம் பணமில்லை. கடனைக் கட்ட முடியாமல் போனதால், 1881 முதல் அரச வருமானத்தின் ஒரு பகுதியை ஐரோப்பியக் கடன்காரர்களின் நிர்வாகமே நேரடியாக அறவிட்டு வந்தது. திரும்பவும் ஐரோப்பாவிடம் கடன் வாங்கினால் புனித நகரங்களுக்குப் போகும் பாதையும் அவர்கள் கைக்குப் போகும். ஆகவேதான் நன்கொடை. இது நடக்காத காரியம் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் கேலி செய்தன.

சுல்தான் முதல் ஆளாக 50,000 லீரா கொடுத்தார். ஈரானின் ஷாவும் எகிப்தின் கெதீவும் உதவினார்கள். கொடுத்தவர்களுக்குத் தொகைக்கேற்ப நிக்கல், வெள்ளி, தங்கம் என்று பதக்கங்கள் வழங்கப்பட்டன. 1900 செப்டெம்பரில் தொடங்கிய வேலை, 1908 செப்டெம்பரில் மதீனாவில் திறப்பு விழாவோடு நின்றது. ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர். 40 நாள் பயணம் மூன்று நான்கு நாட்களாகச் சுருங்கியது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், "பார்த்தீர்களா சேர், பெரிய பெயர் என்ன செய்யும் என்று!" என்பீர்கள். கணக்குப் புத்தகத்தையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

கட்டுமானக் காலத்தில் செலவான மொத்தப் பணத்தில் நன்கொடையாக வந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் எங்கிருந்து வந்தது? பத்திரங்களில் ஒட்டும் விசேட முத்திரைகள், புதிய வரிகள், அரச ஊழியர்களின் சம்பளத்தில் வெட்டு, குர்பான் பிராணிகளின் தோல் விற்ற காசு, அரச விவசாய வங்கியிடம் வாங்கிய கடன். இவற்றோடு, தண்டவாளம் போட்ட கைகளில் பெரும்பாலானவை படைவீரர்களின் கைகள். வெளியாட்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும்.

அந்த மூன்றில் ஒரு பங்கும் முழுக்க மனமுவந்து கொடுத்ததா? அரண்மனையிலிருந்து ஒரு நன்கொடைப் பட்டியல் மேசைக்கு வந்தால், எந்த எழுதுவினைஞர் தன் பெயருக்கு எதிரே பூச்சியம் போடுவார்? எந்த மாகாண ஆளுநர் தன் மாகாணம் குறைவாகக் கொடுத்தது என்று சுல்தானுக்கு எழுதுவார்? உஸ்மானிய எல்லைக்குள் சுல்தானின் பெயருக்குப் பின்னால் அவருடைய அதிகாரமும் நின்றது. அங்கே எது சதகா, எது பயம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே, அவருடைய அதிகாரம் எட்டாத இடத்தைப் பார்க்க வேண்டும். இந்தியா அப்படிப்பட்ட இடம். அங்கே ஆட்சி பிரித்தானியருடையது. சுல்தானுக்குக் கொடுக்காவிட்டால் யாரும் தண்டிக்கப் போவதில்லை. ஆனாலும் இந்திய முஸ்லிம்கள் கொடுத்தார்கள். பஞ்சாபில் முஹம்மத் இன்ஷாஉல்லாஹ் என்ற பத்திரிகையாளர் இந்தப் பாதைக்காக விடாமல் எழுதினார். ஊர் ஊராகக் குழுக்கள் அமைந்தன. பட்டணத்துச் செல்வந்தர் பெரிய தொகை கொடுத்தார். சாதாரண மனிதர் சில்லறை கொடுத்தார்.

அங்கும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். இந்தக் காசு உண்மையில் தண்டவாளமாகுமா, அல்லது இஸ்தான்பூல் அதிகாரிகளின் பையில் தங்குமா? நியாயமான கேள்வி. கலீஃபாவின் பெயர் மட்டும் அதற்குப் போதுமான பதிலாக இருக்கவில்லை. பாதை இவ்வளவு தூரம் வந்துவிட்டது, 1904இல் மஆனை அடைந்துவிட்டது என்ற செய்திகள் வரவரத்தான் நம்பிக்கை வளர்ந்தது. கொடுத்தவர் தன் காசு எங்கே போய் நிற்கிறது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்க்க முடிந்தது.

மதீனாவிலிருந்து மக்காவுக்குப் பாதை கடைசிவரை போடப்படவேயில்லை. ஒட்டகங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்த கோத்திரங்களும் மக்காவில் அதிகாரத்தில் இருந்தவர்களும் அதை விரும்பவில்லை. பிழைப்புப் போய்விடும் என்ற அவர்களுடைய பயத்துக்கு சுல்தானின் பெயரில் மருந்து இருக்கவில்லை.

*

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதே காலப்பகுதியில் கொழும்பிலும் ஒரு பெரிய பெயர் இருந்தது. ஒராபி பாஷா.

எகிப்தில் அந்நியத் தலையீட்டுக்கு எதிராக எழுந்த இராணுவத் தலைவர் அவர். 1882இல் தெல் அல் கபீர் போர்க்களத்தில் பிரித்தானியரிடம் தோற்று, 1883 ஜனவரியில் தோழர்களோடு நாடுகடத்தப்பட்டு இங்கே வந்தார். 1901 வரை இலங்கையில் இருந்தார். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று நூதனசாலை.

அன்றைய இலங்கை முஸ்லிம்களின் கல்வி நிலை நமக்குத் தெரியும். ஆங்கிலப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்தன. பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் பயந்தார்கள். எம்.சி. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையில் எழுதி எழுதிக் கை வலித்த விடயம் இது. 1884இல் கொழும்பில் அவரும் மற்றவர்களும் ஒரு பாடசாலையைத் தொடங்கினார்கள். பின்னர் அது அதே சுல்தான் அப்துல் ஹமீதின் பெயரைப் பெற்றது. இன்றைய ஹமீத் அல் ஹுஸைனிய்யாக் கல்லூரி அதுதான். 1892 ஓகஸ்டில் மருதானைப் பள்ளிவாசலோடு சேர்ந்து ஸாஹிறா பிறந்தது. ஒராபி பாஷா அதன் போஷகர்.

போஷகர் பணம் கொண்டு வந்தாரா? எங்கிருந்து கொண்டு வருவார்? சொத்துப் பறிக்கப்பட்டு, பிரித்தானியர் ஏற்பாடு செய்த கொடுப்பனவில் வாழ்ந்த கைதி அவர். பணத்தையும் நேரத்தையும் உழைப்பையும் போட்டவர்களில் முன்னுக்கு நின்றவர் வாப்பிச்சி மரிக்கார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய அதே கட்டட ஒப்பந்தகாரர். கூலியாக என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடுங்கள் என்றாராம். அந்தக் கதையை நம் ஊரில் தெரியாதவர் இல்லை.

அப்படியானால் ஒராபியின் பெயர் வெறும் அலங்காரமா? அதுவும் இல்லை. ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று பயந்த ஒரு சமூகத்துக்கு நடுவில், ஆங்கிலேயரோடு போரிட்டு, அவர்களாலேயே நாடுகடத்தப்பட்ட ஒரு முஸ்லிம் தளபதி நின்றார். அவரே இங்கே ஆங்கிலம் கற்றார். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றார். அவரைப் பார்த்து "நீ வெள்ளைக்காரனின் ஆள்" என்று யார் சொல்வது? சித்திலெப்பையின் எழுத்து அசைக்க முடியாத ஒரு தயக்கத்தை அந்த மனிதர் முன்னால் வந்து நின்றதே அசைத்தது.

பெரிய பெயர் உண்மையில் செய்யக்கூடிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். மக்கள் ஏதோ ஒன்றுக்குப் பயந்து பின்வாங்கி நிற்கும்போது, சரியான ஆள் முன்னால் வந்து நின்றால் அந்தப் பயம் உடையும். இதற்கு இன்னொரு உதாரணம் 1987இல் லண்டனில் நடந்தது. எயிட்ஸ் நோயாளியைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று உலகம் பயந்த காலம். இளவரசி டயானா ஒரு வைத்தியசாலையின் எயிட்ஸ் பிரிவைத் திறக்கப் போய், கையுறை இல்லாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஒரு படம் செய்த வேலையை ஆயிரம் துண்டுப்பிரசுரம் செய்திருக்காது. அவர் அங்கே நேரில் போனார் என்பதைக் கவனியுங்கள். கடிதத் தலைப்பில் பெயர் மட்டும் இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது.

*

கடிதத் தலைப்பில் மட்டும் பெயர் இருந்தால் என்ன ஆகும்? இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அரச குடும்பம் போஷகராக இருப்பது பெரிய கௌரவமாகக் கருதப்படும் பிரித்தானியாவில், 'கிவிங் எவிடன்ஸ்' என்ற அமைப்பு 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அரச குடும்பத்தவரைப் போஷகராகக் கொண்ட 1,187 தொண்டு நிறுவனங்கள் அங்கே இருந்தன. அவற்றில் 74 வீதமானவற்றுக்கு முந்தைய ஆண்டில் தம் போஷகரோடு ஒரு பொது நிகழ்ச்சிகூடக் கிடைக்கவில்லை. அரச போஷகர் கிடைத்ததால் வருமானம் கூடியது என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை.

"அரச போஷகர் உள்ள நிறுவனங்கள் பணக்கார நிறுவனங்களாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எது முந்தியது? ஏற்கனவே வளர்ந்து பெயரெடுத்த நிறுவனத்துக்குத்தான் பெரிய இடத்துப் போஷகர் கிடைக்கிறார். குடை பிடித்தவர்கள் நிறையப் பேரைக் கண்டதும், குடைதான் மழையைக் கொண்டு வந்தது என்று சொல்வது போல ஆகிவிடும்.

*

இதையெல்லாம் ஏன் எழுதினேன் என்றால், அடுத்த கூட்டத்தில் வேறொரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதற்காக. நமது ஊர் மக்கள் எதற்காகத் தயங்குகிறார்கள்?

கல்வி வேண்டாம் என்றா? அந்தப் பயம் நம் பாட்டன்மார் காலத்தோடு போய்விட்டது. இன்று ரியூஷனுக்கு மாதம் எத்தனை ஆயிரம் கொடுக்கிறோம்! கொடுக்க மனமில்லை என்றா? வெள்ளம் வந்தபோது ஒரே இரவில் எத்தனை சாப்பாட்டுப் பார்சல் சேர்ந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

வீடு வீடாகப் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "போன முறை சேர்த்த காசுக்குக் கணக்கு எங்கே, சேர்?" யாரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. அந்தப் பணம் ஒழுங்காகவே செலவாகியிருக்கலாம். ஆனால் கணக்கு மக்கள் முன் வைக்கப்படவில்லை. இந்தத் தயக்கத்தை எந்த அரசியல்வாதியாலும், எந்தக் கிரிக்கெட் வீரராலும் உடைக்க முடியாது. கலீஃபாவாலேயே முடியவில்லை. தண்டவாளம் நீண்டபோதுதான் சந்தேகம் குறைந்தது.

போஷகரை அழைத்தால் செலவும் இருக்கிறது. மேடை, பெனர், பொன்னாடை, பேண்ட் வாத்தியம், பகல் சாப்பாடு, சிறப்பு மலர். இவற்றுக்கான பணமும் கட்டட நிதியிலிருந்துதான் போகும். நாளை அந்தப் பெரிய மனிதருக்குக் கெட்ட பெயர் வந்தால், அவருடைய பெயர் பொறித்த கல் நமது சுவரில் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. நமது ஜமாஅத்தில் 600 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 500 ரூபா. மாதம் மூன்று இலட்சம். ஆண்டுக்கு 36 இலட்சம். தர முடியாத குடும்பம் தர வேண்டாம், முடிந்தவர் அவர்களுக்கும் சேர்த்துத் தருவார். பிடியரிசி சேர்த்து மத்ரஸா நடத்திய உம்மம்மாமாரின் பேரப்பிள்ளைகள் நாம். இது நமக்குப் புதிய வழியல்ல.

என் யோசனை மூன்று. முதலாவது, போன முறைக் கணக்கைப் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டுவது. குறை இருந்தால் குறையோடு ஒட்டுவது. இரண்டாவது, ஒவ்வொரு ரூபாவுக்கும் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, ஒவ்வொரு மாதமும் ஜும்ஆவுக்குப் பின் வரவு செலவு வாசிப்பு. மூன்றாவது, கையில் இருக்கும் பணத்தில் முதலில் அத்திவாரத்தைப் போடுவது. பார்க்கிறவர் தன் காசைக் கல்லாகப் பார்க்கட்டும்.

இதற்குப் பிறகும் ஒரு போஷகர் வேண்டும் என்றால் தாராளமாகத் தேடுவோம். ஆனால் வருகிறவர் ஒரு நாள் மேடையோடு போகிறவராக இருக்கக் கூடாது. மாதாமாதம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்திடுகிறவராக இருக்க வேண்டும்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இன்னும் தகரக் கொட்டிலில் இருக்கிறார்கள். மழை பெய்தால் பாடம் சொல்வது கேட்காது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு கூரையாவது போட்டுவிட வேண்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். கூட்டத்துக்கும் அவசியம் வாருங்கள்.