தக்கடியும் தரீதும்

கோழிக் குழம்பும் அதிலேயே வெந்த மாவுருண்டையும் ஒரே சட்டியில் அமைவது தக்கடி. ஆட்டிறைச்சியே வழக்கம், கோழியாயின் விரைவில் வேகும். இதனை அரபு நாட்டு உணவு என்போர் நம்மில் உண்டு. அண்ணலார் (ஸல்) விரும்பியுண்ட தரீத், வெந்த ரொட்டியைப் பிய்த்து இறைச்சிச் சாற்றில் ஊறவைப்பது. தக்கடியிலோ வறுத்த அரிசிமாவைத் தேங்காய்த் துருவலும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, பிடிகளாக்கிக் கொதிக்கும் குழம்பிலேயே இடுகின்றோம். கரையும் மாவே குழம்பைப் பாலேடுபோல் தடிப்பாக்கும். அரிசியும் தேங்காயும் நம் கரைக்குரியவை. ஆதலால் இது இம்மண்ணின் சமையலே என்பது என் கருத்து.

உப்பும் இம்மண்ணதே, மரக்காணத்து அளங்களில் விளைவது. ஆயினும் 1805இல் சென்னை மாகாண உப்பைக் கும்பினியார் தம் ஏகபோகமாக்கினர். கடலோரத்தார் தம் வீட்டுத் தேவைக்கு உப்பெடுக்க 1931இன் காந்தி–இர்வின் உடன்பாடே இசைவளித்தது. அதுவரை அளத்தருகே வாழ்ந்த ஏழையின் சட்டிக்கும் (தக்கடியாயினும் வெறுங்கஞ்சியாயினும்) வரி இருந்தது.

குழம்பு சமைத்தால் நீரைக் கூட்டி அண்டைவீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களை நபிகளார் (ஸல்) பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நீர் கூடினால் சாறு நீர்த்துப்போகும் என அஞ்சுவோர்க்குத் தக்கடியில் வழியுண்டு: மேலும் இரண்டு பிடி மாவு. ஒரு கோழி இரு வீட்டுக்கு எட்டும்.