பைத்தானை வளர்த்த கைகள்: ஒரு நிரல்மொழிச் சமூகத்தின் வரலாறு



சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வுக்குக் கணினியியல் எடுக்கும் மாணவர்கள் பைத்தான் மொழியில்தான் நிரல் எழுதிப் பழகுகிறார்கள். "உலகத்துல எத்தனையோ நிரல்மொழி இருக்கே, ஏன் இதையே படிக்கணும்?" என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். "இது எளிமையானது, அதனால்தான்" என்பது வழக்கமான பதில். ஆனால் அது பாதி உண்மை. எளிமையை மட்டும் நம்பி வந்து, பிறகு காணாமல் போன நிரல்மொழிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று, பைத்தான் பிறந்த அதே ஆய்வு நிலையத்தில் பிறந்தது. அது ஏன் நிலைக்கவில்லை, இது ஏன் நிலைத்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

தமிழாசிரியர்களுக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. இலக்கணம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், பேச ஆள் இல்லாவிட்டால் மொழி ஏட்டில்தான் இருக்கும். நிரல்மொழிக்கும் அதே கதைதான்.

1. ஏபிசி: நல்ல மொழி, சேராத கூட்டம்

1980களில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள தேசியக் கணித, கணினியியல் ஆய்வு நிலையத்தில் ஏபிசி என்றொரு நிரல்மொழி உருவாக்கப்பட்டது. கணினித் துறையைச் சேராதவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம். வரிகளை உள்தள்ளி எழுதுவதன் மூலமே நிரலின் அமைப்பைக் காட்டும் முறை அதில் இருந்தது. இன்று பைத்தான் படிக்கும் மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த முறை.

ஆனாலும் ஏபிசி பரவவில்லை. அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, அது மூடிய வீடு மாதிரி இருந்தது. பயன்படுத்துபவர் தன் தேவைக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்க நினைத்தால் அதற்கு எளிய வழி இல்லை. இரண்டாவது, இணையம் பரவாத காலம் அது. பயன்படுத்தியவர்களின் குறைநிறைகள் உருவாக்கியவர்களுக்கு வந்து சேர்வதே சிரமம். மொழி ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

2. 1991: கதவைத் திறந்து வைத்தார்

ஏபிசி குழுவில் வேலை பார்த்த இளம் நிரலாளர்களில் ஒருவர் கீடோ வான் ரோசம். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் சொந்தமாக ஒரு மொழியை எழுதத் தொடங்கினார். மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் தொலைக்காட்சித் தொடர் அவருக்குப் பிடிக்கும். அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயர். மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

ஏபிசியின் எளிமையை வைத்துக்கொண்டு அதன் மூடிய தன்மையை அவர் விட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் சி மொழியில் ஒரு துணைத்தொகுப்பை எழுதி பைத்தானுடன் இணைக்கலாம். 1991 பிப்ரவரியில் 0.9.0 பதிப்பின் மூலநிரலை யூஸ்நெட் செய்திக்குழு ஒன்றில் பொதுவில் வைத்தார். விலை இல்லை. மாற்றிக்கொள்ளவும் தடை இல்லை. பிழை கண்டவர்கள் அதைத் திருத்தியே அனுப்பத் தொடங்கினார்கள். 1994-இல் பைத்தானுக்கென்றே தனிச் செய்திக்குழு அமைந்தது. புதியவர் கேட்ட கேள்விக்கு, நேற்றுக் கற்றுக்கொண்டவர் இன்று பதில் சொன்னார். சமூகம் தொடங்கியது இப்படித்தான்.

3. 1994: பேருந்துக் கேள்வி

அதே 1994-இல் மைக்கேல் மெக்லே என்ற அமெரிக்கப் பயனர் அந்தக் குழுவில் ஒரு கேள்வியை எழுப்பினார். கீடோ பேருந்தில் அடிபட்டுவிட்டால் பைத்தான் என்ன ஆகும் என்பதே கேள்வி. கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு நிறுவனத்தின் கவலை இருந்தது. ஒரே மனிதர் கையில் இருக்கும் கருவியை நம்பி எப்படிப் பெரிய வேலையைத் தொடங்குவது?

அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள தேசியத் தரநிர்ணய நிலையத்தில் முதல் பைத்தான் பயிலரங்கு நடந்தது. வந்தவர்கள் ஏறத்தாழ 20 பேர். அடுத்த ஆண்டே கீடோவுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து அங்கே குடிபெயர்ந்தார். மொழிக்கு ஆதரவு கூடியது. ஆனால் பேருந்துக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை. அது 24 ஆண்டுகள் காத்திருந்தது.

4. 1995: அறிவியலாளர்கள் வந்தார்கள்

எண்களின் பெரிய அட்டவணைகளைக் கையாள அறிவியலாளர்களுக்கு ஒரு வசதி தேவைப்பட்டது. 1995-இல் அதற்கென ஒரு சிறப்புக் குழு கூடியது. ஜிம் ஹுகுனின் 'நியூமெரிக்' என்ற தொகுப்பை எழுதினார். அறிவியலாளர்கள் கேட்டதற்காகக் கீடோ மொழியின் தொடரமைப்பிலேயே சில சேர்க்கைகளைச் செய்தார். இதைக் கவனிக்க வேண்டும். பயனர்கள் மொழிக்கு ஏற்ப மாறினார்கள், மொழியும் பயனர்களுக்கு ஏற்ப மாறியது.

இடையில் ஒரு சிக்கலும் வந்தது. போட்டியாக 'நம்அரே' என்ற இன்னொரு தொகுப்பு எழுந்து, கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டிராவிஸ் ஒலிஃபாண்ட் இரண்டையும் இணைத்து 2006-இல் 'நம்பை' 1.0 பதிப்பை வெளியிட்டார். இன்று தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு என்றாலே பைத்தான் நினைவுக்கு வருவதற்கு அந்த இணைப்பு போட்ட அடித்தளம் ஒரு முக்கியக் காரணம்.

5. 2000 – 2010: பழக்கம் விதியானது

20 பேர் இருக்கும்போது பேசித் தீர்க்கலாம். ஆயிரக்கணக்கானோர் வந்தபின் அது நடக்காது. 2000-இல் 'பெப்' எனப்படும் முன்மொழிவு முறை வந்தது. மொழியில் ஏதேனும் மாற்ற விரும்புபவர் அதற்கான காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். ஆதரவும் எதிர்ப்பும் பதிவாகும். நிராகரிக்கப்பட்ட முன்மொழிவுகூட அழிக்கப்படாது. ஏன் நிராகரித்தார்கள் என்பதைப் பிறகு வருபவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம். வரலாறு படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல முதல்நிலைச் சான்று வேறென்ன வேண்டும்?

2001-இல் இலாப நோக்கற்ற பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை உருவாகி, மொழியின் உரிமைகளைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2003-இல் வாஷிங்டனில் 'பைகான்' மாநாடு தொடங்கியது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான முதல் பைகான் 2010-இல் நம்ம சிங்கப்பூரில்தான் நடந்தது. பேச்சுகள் முடிந்தபின் எல்லாரும் உட்கார்ந்து சேர்ந்து நிரல் எழுதுவது பைகானின் வழக்கம். மூத்த நிரலாளர் பக்கத்தில் அமர்ந்து ஒரு புதியவர் தன் முதல் திருத்தத்தை அனுப்புவார். இப்படித்தான் பயனராக வந்தவர் பங்களிப்பாளராக மாறுகிறார்.

6. 2008 – 2020: குடும்பம் பிரிந்து சேர்ந்த கதை

2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வெளியானது. பழைய பிழைகளைத் துடைப்பதற்காக, பைத்தான் 2-இல் எழுதிய நிரல்கள் பல அப்படியே ஓடாது என்பதைத் தெரிந்தே எடுத்த முடிவு இது.

மாற்றம் ஏன் தேவைப்பட்டது? நமக்குப் புரிகிற ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? மூன்று என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் சொல்லும். யுடிஎஃப்-8 முறையில் சேமித்த அதே சொல்லின் நீளத்தைப் பைத்தான் 2-இல் கேட்டால், 15 என்று வரும். அது எழுத்தை எண்ணவில்லை, சேமிப்பு அலகுகளான பைட்டுகளை எண்ணியது. பைத்தான் 3, ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டதால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். இன்னும் மூன்று வரவில்லை, பாருங்க. அந்தக் குறையை நிரப்பியது 'ஓப்பன்-தமிழ்' என்ற திறமூலத் தொகுப்பு. தமிழ் நிரலாளர்கள் சேர்ந்து உருவாக்கிய அது, சொல்லை உயிர்மெய் தெரிந்து மூன்று எழுத்தாகப் பிரித்துத் தரும். 15-லிருந்து 5-க்குக் கொண்டுவந்தது மொழியின் மையக் குழு. 5-லிருந்து 3-க்குக் கொண்டுவந்தது அதைப் பயன்படுத்திய மக்கள்.

நோக்கம் நல்லதாக இருந்தும் மாற்றம் எளிதில் நடக்கவில்லை. நிறுவனங்கள் தங்கள் பழைய நிரலை விட்டு வரத் தயங்கின. தாங்கள் நம்பியிருக்கும் துணைத்தொகுப்புகள் மாறாமல் நாங்கள் எப்படி மாறுவது என்று பயனர்கள் கேட்டார்கள். பயனர்கள் மாறாமல் நாங்கள் ஏன் மாற வேண்டும் என்று தொகுப்பாளர்கள் கேட்டார்கள். 2015-இல் முடிவதாக இருந்த பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 வரை நீட்டிக்கப்பட்டது.

முடிச்சை அவிழ்த்தது கட்டளை அல்ல, கூட்டு முயற்சி. இரண்டு பதிப்பிலும் ஓடும்படி எழுத உதவும் 'சிக்ஸ்' போன்ற இணைப்புத் தொகுப்புகள் வந்தன. எந்தத் தொகுப்பு மாறியது, எது மாறவில்லை என்று காட்டும் ஒரு பட்டியலை ஆர்வலர்கள் வைத்தார்கள். முதலில் அதன் பெயர் 'அவமானச் சுவர்'. பெரும்பாலானவை மாறியபின் அதையே 'வல்லமைச் சுவர்' என்று பெயர் மாற்றினார்கள். பிறகு நம்பை உள்ளிட்ட பல முன்னணித் தொகுப்புகள், 2020-க்குள் பழைய பதிப்பைக் கைவிடுவோம் என்று கூட்டாக உறுதி அறிவித்தன. பன்னிரண்டு ஆண்டு இழுபறி 2020-இல் முடிவுக்கு வந்தது.

7. 2018: பேருந்துக் கேள்விக்குப் பதில்

இறுதி முடிவு எடுக்கும் உரிமை அதுவரை கீடோவிடமே இருந்தது. 'ஆயுள்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி' என்று பாதி வேடிக்கையாக அவரை அழைப்பார்கள். 2018-இல் பெப் 572 என்ற சிறிய தொடரமைப்பு மாற்றத்தின்மேல் கடும் விவாதம் எழுந்தது. முன்மொழிவை அவர் ஏற்றார். ஆனால் அந்தச் சண்டையில் மனம் சோர்ந்து, ஜூலை 12 அன்று பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அவர் வாரிசு யாரையும் நியமிக்கவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்.

பல சமூகங்கள் இந்த இடத்தில் உடைந்துபோகும். பைத்தான் உடையவில்லை. காரணம், பெப் என்ற பழகிய பாதை ஏற்கெனவே இருந்தது. அடுத்து எப்படி ஆள்வது என்பதற்கே பல பெப்கள் எழுதப்பட்டன. மையக் குழுவினர் வாக்களித்து, ஐவர் கொண்ட வழிநடத்து மன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-இல் அது பணியைத் தொடங்கியது. ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த இருவருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது என்பதும் விதி. முதல் மன்றத்தில் கீடோவும் ஓர் உறுப்பினர். ஐந்தில் ஒருவர், அவ்வளவே.

8. நமக்கு என்ன பாடம்?

தனிமரம் தோப்பாகாது என்பது நமக்குத் தெரிந்த பழமொழி. பைத்தானின் வரலாறு அதில் இன்னொன்றையும் சேர்க்கிறது. தோப்பு ஆனபிறகும், முதல் மரம் இல்லாமல் அது நிற்குமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

நம்ம வேலையிலும் இந்தக் கேள்வி உண்டு. ஒரு பள்ளியில் ஒரே ஆசிரியர் பல ஆண்டு உழைத்துப் பயிற்றுத்தாள்களும் படவில்லைகளும் செய்து வைத்திருப்பார். அவர் வேறு பள்ளிக்கு மாறினால் அதோடு எல்லாமே போய்விடும். வளம் திறந்த இடத்தில் இருக்கிறதா? அதைத் திருத்த மற்றவருக்கு வழி இருக்கிறதா? ஏன் இப்படிச் செய்தோம் என்ற குறிப்பு இருக்கிறதா? புதிய ஆசிரியர் தயங்காமல் கேள்வி கேட்க முடிகிறதா? இந்த நான்குக்கும் 'ஆம்' என்றால், அந்த வளம் ஆள் மாறினாலும் வாழும்.

மாணவர்களே, ஒரு தொழில்நுட்பம் பரவியதற்குக் காரணம் எழுதச் சொன்னால், அதன் சிறப்புகளை மட்டும் பட்டியலிட்டு நிறுத்தாதீர்கள். யார் கற்றுக்கொடுத்தார்கள், யார் திருத்தினார்கள், சண்டை வந்தபோது எப்படித் தீர்த்தார்கள் என்றும் எழுதுங்கள். கட்டுரைக்கு ஆழம் தருவது அதுதான்.

சிந்தனை வினாக்கள்

1. ஏபிசி, பைத்தான் இரண்டும் எளிமையானவை. ஒன்று மட்டும் பரவியதற்கான காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.
2. பைத்தான் 3-க்கு மாற நீண்ட காலம் எடுத்தது சமூகத்தின் பலவீனமா, பலமா? சான்றுடன் வாதிடுக.
3. 1994-இல் எழுந்த கேள்விக்கும் 2018-இல் நடந்ததற்கும் உள்ள தொடர்பை விளக்குக.
4. உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் பொறுப்பாசிரியர் மாறினால் எந்தப் பணிகள் தொடரும், எவை நிற்கும்? தொடர்வதற்கு இன்றே செய்யக்கூடியவை யாவை?