பட்டத்தோடு முடியாத படிப்பு: சென்னைக் குருகுலமும் தொடர் இறையியல் கல்வியும்

கிறிஸ்தவப் போதகர் ஒருவர் இறையியல் கல்லூரியில் படிப்பது நான்கைந்து ஆண்டுகள். அதன்பின் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் சபை நடத்துகிறார். அந்த முப்பது ஆண்டுகளில் எதிரே அமர்ந்திருப்பவர்கள் மாறிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தாயின் மகள் பல்கலைக்கழகம் போய்த் திரும்பி வந்து, மதம் மாறிக் கல்யாணம் செய்யலாமா, குழந்தைக்கு நோய் வந்தது கடவுளின் தண்டனையா, வேதாகமத்தில் பெண்களைப் பற்றி ஏன் இப்படி எழுதியிருக்கிறது என்றெல்லாம் கேட்கிறாள். போதகரின் பழைய குறிப்பேட்டில் இவற்றுக்குப் பதில் இருக்காது.

அதற்காகத் தோன்றியதே தொடர் இறையியல் கல்வி. இது போதகர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஞாயிறு பள்ளி நடத்தும் ஆசிரியை, ஜெபக்கூட்டத்தை வழிநடத்தும் மூப்பர், போதகர் வராத வாரத்தில் ஆராதனையை நடத்தும் தொழிலாளி எனக் குருப்பட்டம் பெறாத சபையாரும் இதில் படிக்கிறார்கள். இந்த இரு தரப்பினருக்கும் கற்பிக்கும் தென்னிந்திய நிறுவனங்களில் ஒன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரி.

குருகுலத்தின் தொடக்கம் 1927ஆம் ஆண்டு. கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றுக்கு இந்து மரபில் வழங்கிவந்த பெயரைச் சூட்டியது அந்தக் காலத்தின் தேசிய உணர்வோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இன்று இது இந்தியாவின் லுத்தரன் சபைகள் பலவற்றுக்குப் பொதுவான கல்லூரி. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, ஆற்காடு லுத்தரன் சபை ஆகியவற்றின் மாணவர்களோடு ஆந்திரா, ஒடிசா, சோட்டா நாக்பூர், அஸ்ஸாம் பகுதி மாணவர்களும் இங்கு வருகிறார்கள். தெலுங்கர், ஒடியர், சந்தால் பழங்குடியினர், தமிழர் ஒரே வகுப்பில் அமர்வதால் பாடமொழி ஆங்கிலமாக இருக்கிறது. இதன் விளைவைப் பின்னர் பார்ப்போம்.

பட்டங்களை வழங்குவது கல்லூரி அல்ல, செராம்பூர் செனட். வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரி 1818இல் வில்லியம் கேரியும் நண்பர்களும் நிறுவியது. பட்டம் வழங்கும் உரிமையை 1827இல் அதற்குத் தந்தவர் டென்மார்க் மன்னர். காரணம், அப்போது செராம்பூர் டேனியரின் ஊர். நம் தரங்கம்பாடியும் அப்படித்தான். 1845இல் இரண்டையும் டென்மார்க் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. ஆனால் அந்த மன்னர் தந்த உரிமையின் பேரில் இன்றும் சென்னையில் இறையியல் பட்டம் கிடைக்கிறது.

தரங்கம்பாடியில் தொடங்கிய கேள்வி

சபையாருக்குக் கற்பிப்பது புதிய யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ் லுத்தரன் வரலாறு தொடங்குவதே அங்கிருந்துதான். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1714இல் நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் அச்சிட்டார். 1716இல் எட்டு மாணவர்களுடன் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்றவர்கள் குருக்களாக அல்ல, உபதேசியார்களாகவே அனுப்பப்பட்டார்கள். ஊர் ஊராய் நடந்து, வேதம் வாசித்து, விளக்கம் சொல்லி, பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்தவர்கள் அவர்கள். தமிழர் ஒருவர் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றது 1733 டிசம்பரில். அவர் பெயர் ஆரோன். அதுவரை உள்ளூர்ச் சபைகளைத் தாங்கி நின்றவர்கள் உபதேசியார்களே.

இந்த வரிசையில் இராஜநாயக்கனைத் தனியாகச் சொல்ல வேண்டும். தஞ்சை அரசின் படையில் இருந்தவர், கத்தோலிக்கராக வளர்ந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் கையில் கிடைக்க, அதைத் தாமே படித்துப் படித்து லுத்தரன் சபைக்கு வந்தார். பிறகு தஞ்சை வட்டாரத்தில் பல பத்தாண்டுகள் உபதேசியாராக உழைத்தார். அவரைக் குருவாக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது சாதி குறுக்கே வந்தது. அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிச் சபையார் இசையமாட்டார்கள் என்ற அச்சமே வென்றது. 1741இல் குருப்பட்டம் வேறொருவருக்குக் கிடைத்தது. இராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியாராகவே இருந்தார்.

படிப்பும் ஊழியமும் குறைவில்லாத ஒருவர் வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டார். யாருக்குக் கற்பிக்கிறோம், கற்றவருக்கு என்ன இடம் தருகிறோம் என்ற கேள்வி அன்றிலிருந்தே இந்தக் கல்வியைத் தொடர்ந்து வருகிறது.

பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்

அந்தக் கேள்விக்கு வகுப்பறையில் இடம் கிடைக்க இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, இந்தியக் கிறிஸ்தவ இறையியலில் சாதியால் ஒடுக்கப்பட்டவர்களின் குரல் எங்கே என்று கேட்டது. இந்தியத் திருச்சபைகளில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். ஆனால் அதுவரை எழுதப்பட்ட இறையியல் பெரும்பாலும் பிராமண மெய்யியலோடு உரையாடிக் கொண்டிருந்தது. நிர்மல் பின்னர் குருகுலத்தில் தலித் இறையியல் துறையின் தலைவரானார். அவர் தொகுத்த தலித் இறையியல் நூலையும் குருகுலமே வெளியிட்டது.

தொடர்கல்வி ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1970இல் பட்டம் பெற்று ஊருக்குப் போன ஒரு போதகர் தம் வகுப்பில் இந்தப் பாடத்தைக் கேட்டிருக்கவே முடியாது. அவருடைய சபையில் தனிக் கல்லறையும் தனி இருக்கையும் இருந்தால், அதை இறையியல் பிரச்சினையாகப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர் மீண்டும் ஒரு பயிற்சி முகாமுக்கோ, கோடைக்காலக் கருத்தரங்குக்கோ வந்து அமர்ந்தால்தான் உண்டு. பெண்களின் குருத்துவம் பற்றிய விவாதத்துக்கும் இது பொருந்தும். லுத்தரன் சபைகள் பலவும் பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கத் தொடங்கியது மிகப் பிந்தித்தான். அதற்கு முன்பே இறையியல் படித்த பெண்கள் இருந்தார்கள், சபையாராக.

கல்லூரி வீட்டுக்கு வருகிறது

வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படிக்க எல்லோராலும் முடியாது. இதற்கு வழி கண்டது தென் அமெரிக்காவோ ஐரோப்பாவோ அல்ல, மத்திய அமெரிக்காவின் சிறிய நாடான குவாத்தமாலா. அங்கிருந்த பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர்கள் கிராமத்துக்குத் திரும்பவில்லை. கிராமத்தில் உண்மையில் சபையை நடத்திக் கொண்டிருந்த நடுத்தர வயதுக்காரர்களோ நிலத்தை விட்டு வர முடியவில்லை. 1963இல் ஆசிரியர்களே அவர்களிடம் போகத் தொடங்கினார்கள். இதுவே விரிவாக்க இறையியல் கல்வி. இந்தியாவில் இம்முறையைப் பரப்பிய பெங்களூரு சங்கம் 1971இல் தொடங்கியது.

டெட் வார்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதை ஒரு மரவேலிக்கு ஒப்பிட்டார். நீளவாட்டில் இரண்டு கட்டைகள்: ஒன்று வீட்டில் படிக்கும் பயிற்சி நூல், மற்றது ஊழியத்தில் கிடைக்கும் அனுபவம். இடையிடையே நட்ட தூண்கள், மாணவர்கள் ஆசிரியரோடு கூடிப் பேசும் வாராந்திரச் சந்திப்புகள். தூண்கள் இல்லையென்றால் இரண்டு கட்டைகளும் தரையில் கிடக்கும். அஞ்சல்வழிக் கல்வி பல இடங்களில் தோற்றுப்போனது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்: புத்தகம் வந்து சேர்ந்தது, பேச ஆள் வரவில்லை.

செராம்பூர் செனட்டும் சபையார் வீட்டிலிருந்தபடியே படித்துத் தேர்வு எழுதும் கிறிஸ்தவக் கல்விப் பட்டம் ஒன்றை நடத்துகிறது. அலுவலகம் போகிறவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதக்கூடிய படிப்பு அது.

மொழிதான் இங்கே பெரிய தடை. குருகுலத்தின் பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆனால் நாகப்பட்டினம் பக்கத்துச் சபையின் மூப்பர் ஆங்கிலத்தில் இறையியல் படிக்கப் போவதில்லை. தமிழில் கற்பிக்கும் பொறுப்பைப் பெரிதும் ஏற்றது 1969இல் மதுரை அரசரடியில் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி. தென்னிந்தியத் திருச்சபையோடு லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்தும் கல்லூரி அது. தமிழில் இறையியல் நூல்கள் எழுதப்படாதவரை சபையார் கல்வி பேச்சளவில்தான் நிற்கும் என்பதை அங்கிருந்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

மலேசியாவில்

மலேசிய லுத்தரன் சபையின் வேரும் தரங்கம்பாடிதான். இரயில்வே வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வந்த தமிழ் லுத்தரன் குடும்பங்கள் இங்கே கூடி வழிபட்டன. அவர்களுக்குப் போதகர்கள் தமிழகத்திலிருந்து வந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள சீயோன் ஆலயம் அந்தத் தலைமுறையின் அடையாளம். 1960களின் தொடக்கத்தில் மலேசிய இவாஞ்சலிக்கல் லுத்தரன் திருச்சபை தனித்து இயங்கத் தொடங்கியது. 1979இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து செமினாரி தியோலோஜி மலேசியாவைத் தொடங்கியதிலும் அதற்குப் பங்குண்டு. சிரம்பானில் இயங்கும் இக்கல்லூரியால், போதகராக விரும்பும் இளைஞர் கடல் கடந்து போக வேண்டிய கட்டாயம் குறைந்தது.

தோட்டத்துச் சபையில் நடந்தது தரங்கம்பாடியில் நடந்ததுதான். ஒரு போதகருக்குப் பல தோட்டங்கள். அவர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் பால்மரம் வெட்டி, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து பாட்டு எடுத்துக் கொடுத்தவரும் வேதம் வாசித்தவரும் சாவு வீட்டில் ஜெபித்தவரும் லயத்துக்காரர் ஒருவரே. அவருக்குப் பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போனபின், அவருடைய வேலை இப்போது பேரப்பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது. அவர்களில் பலருக்கு மலாயும் ஆங்கிலமும் சரளம். தமிழில் பேச்சு உண்டு, வாசிப்பு குறைவு. மதுரையில் தமிழில் எழுதிய பாடநூல் இவர்களுக்கு எட்டுமா, சென்னையின் ஆங்கிலப் பாடம் இவர்கள் பாட்டிக்கு எட்டுமா என்பதுதான் இங்கே பாடம் நடத்த வருகிற போதகர் முதல் நாளிலேயே தீர்க்க வேண்டிய கணக்கு.