அலுவிகாரை ஏடுகளில் வீட்டு விளையாட்டுகள்

மாத்தளை நகரிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்தில், பெரும் பாறைகளின் நடுவே அலுவிகாரை அமைந்திருக்கிறது. அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம், கி. மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது என்பது இலங்கை மரபு. போரும் பஞ்சமும் நாட்டை வாட்டிய காலம் அது. மறைநூலை நெஞ்சில் சுமந்த துறவிகள் மாண்டால் நூலும் அவர்களோடு மாயும் என்ற அச்சமே அவர்களை எழுத்தாணி எடுக்கச் செய்தது. இவ்வரலாற்றை நேயர்கள் பலர் அறிவார்கள். ஆனால் அறநெறிகளோடு அவ்வேடுகளில் மற்றொரு செய்தியும் ஏறியது. பண்டை மக்கள் தம் வீடுகளிலும் முற்றங்களிலும் ஆடிய விளையாட்டுகளின் பெயர்களே அவை.

தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரம்மஜால சூத்திரத்தில், புத்தர் விலக்கி ஒழுகிய விளையாட்டுகள் வரிசையாகக் கூறப்படுகின்றன. எட்டு வரிசைக் கட்டத்தில் ஆடுவது ஒன்று. பத்து வரிசைக் கட்டத்தில் ஆடுவது மற்றொன்று. பலகையே இன்றி, வெளியில் கட்டம் இருப்பதாகப் பாவித்து ஆடுவது வேறொன்று. குவியலிலிருந்து ஒரு காயை மற்றவை அசையாமல் எடுத்தல், பகடை உருட்டல், சிறுதேர் ஓட்டல், சிறுவில் வளைத்தல் ஆகியனவும் உள. வெளியிலோ தோழனின் முதுகிலோ விரலால் வரைந்த எழுத்தைக் கண்டறிதல், பிறர் மனத்தில் நினைத்ததை ஊகித்தல் என்பனவும் உள. விளையாட்டுகளைப் பற்றி உலகிற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பட்டியல்களுள் இஃதொன்று. இதில் வரும் எட்டு வரிசைக் கட்டத்திலேதான் பிற்காலத்தில் சதுரங்கம் வளர்ந்தது.

கி. பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி உரை வகுத்த புத்தகோசர், இப்பெயர்களுக்கு விளக்கம் தந்தார். அவற்றுள் ஒன்று காற்றில் சுழலும் பனையோலைச் சக்கரம். யாழ்ப்பாணத்துச் சிறுவர் ஓலையை மடித்துச் செய்யும் காற்றாடியன்றோ அது! மறைநூல் எழுதவும் ஓலை, மகவின் காற்றாடிக்கும் ஓலை!

துறவி விலக்கியது இல்லறத்தானுக்கும் விலக்கோ என்னும் வினா இவ்விடத்தில் எழும். அதே தீக நிகாயத்தில், இல்லறத்தார்க்குரிய ஒழுக்கத்தைக் கூறும் சிகாலோவாத சூத்திரம், சூதாட்டத்தால் வரும் கேடுகள் ஆறினை எண்ணிக் காட்டுகின்றது. வென்றவன் பகை தேடுகிறான், தோற்றவன் இழந்த பொருளுக்காக வருந்துகிறான், கைப்பொருள் கரைகிறது, அவன் சொல் மன்றத்தில் ஏறாது, நண்பர் இகழ்வர், பெண் கொடுக்க எவரும் முன்வாரார். திருவள்ளுவரும் தம் நூலின் 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கினார். இல்லறத்தாரை நோக்கி இச்சான்றோர் எச்சரித்தது பொருளைப் பணயம் வைக்கும் சூதினையே ஆகும்.

இத்தீவின் இல்லங்களில் அவ்வாட்டங்கள் இரு மொழியிலும் வாழ்ந்தன. சிங்கள மக்கள் குன்றிமணிகொண்டு ஒலிந்த கெலிய ஆடினர். தமிழ்ப் பெண்கள் புளியங்கொட்டையும் சோகியும்கொண்டு பல்லாங்குழி ஆடினர். இரண்டும் பக்கத்துக்கு ஏழு குழிகள் வைத்து ஆடும் ஒரே இனத்து ஆட்டங்கள். சித்திரைப் புத்தாண்டில் சிரட்டையில் சோகி குலுக்கும் பஞ்ச ஆட்டத்தில் பாட்டனும் பேரனும் எதிரெதிர் அமர்வர். தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் குடும்பத்தார் கூடிக் கண்விழித்துப் பரமபதம் ஆடுவர். சோகி விழும் எண் முதியவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று பார்ப்பதில்லை. விதியின் முன் இருவரும் சமம்.

இவ்வாட்டங்களுக்குச் சட்டநூல் இல்லை. ஆடி ஆடியே கற்பித்தனர். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்த தோட்டத் தொழிலாளரின் மூட்டையில் விளையாட்டுப் பலகைக்கு இடம் இருந்திராது. பல்லாங்குழிக்கோ பலகையே வேண்டா. தரையில் குழி பறித்தால் போதும். ஆட்டத்தின் விதி தாயின் நினைவில் இருந்தது. 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் ஏடுகள் அழிந்தன. எனினும் படிகள் பிற இடங்களில் இருந்தமையால் நூல் பிழைத்தது. விளையாட்டுக்குப் படி எடுப்பதாவது, மூத்தோர் இளையோருடன் உட்கார்ந்து ஆடுவதே. ஒரு தலைமுறை அமராது போனால் அங்கே அது முடிந்துவிடும். திரிபிடகத்தைக் குறித்துத் துறவிகள் கொண்ட அச்சம் இதற்கும் பொருந்தும்.

நம் நாட்டு ஆட்டங்கள் கடல் கடந்தும் சென்றன. பச்சீசி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லூடோ என்னும் பெயரில் காப்புரிமை பெற்றது. பரமபதத்தின் இனத்ததான ஆட்டம் பாம்பும் ஏணியுமாகி மேனாட்டுச் சிறுவரை மகிழ்வித்தது. பின்னர் மின்திரை வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் பொருத்தி வீட்டில் ஆடும் முதற் கருவியாகிய ஒடிசி 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அதன் பெட்டியில் பகடையும் சீட்டும் விளையாட்டுக் காசும் கூடவே இருந்தன! எதிராளியாக நின்று ஆடும் ஆற்றல் அக்கருவிக்கு இல்லை. ஆதலின் பெரும்பாலான ஆட்டங்களுக்கு மனிதர் இருவர் வேண்டியிருந்தது. புள்ளிக் கணக்கையும் அவர்களே வைத்துக்கொண்டனர். இயந்திரத்தின் குறை குடும்பத்துக்கு நன்மையாயிற்று.

பின்னர் இயந்திரம் தானே எதிராளியாகக் கற்றுக்கொண்டது. 1978இல் ஜப்பானில் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்ற ஆட்டங்களில், ஆடுவோன் திரையில் இறங்கிவரும் பகைவரையே எதிர்த்தான். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டிய தேவை குறைந்தது. எனினும் பழைய வழக்கம் அறவே மறையவில்லை. 1889இல் கியோட்டோ நகரில் விளையாட்டுச் சீட்டு செய்யும் தொழிலாகத் தொடங்கிய நின்டெண்டோ நிறுவனம், 1983இல் வெளியிட்ட கருவிக்குக் குடும்பக் கணினி எனப் பொருள்படும் பெயரையே இட்டு, ஆட்டப்பிடி இரண்டினை அதனோடு இணைத்து விற்றது. அதே நிறுவனம் 2006இல் வெளியிட்ட வீ என்னும் கருவியில், பந்தடிப்பதற்குக் கையை வீசினாற் போதும் என்றாயிற்று. விசை பல அழுத்திப் பழகாத மூத்தோரும் பேரப்பிள்ளைகளுடன் ஆட அது வழிசெய்தது.

சூதும் திரைக்குள் புகாமலில்லை. உள்ளே இருப்பது யாதென அறியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சில ஆட்டங்களில் வைக்கப்பட்டன. அவற்றைச் சூதாட்டமென 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் தீர்மானித்தது. அலுவிகாரை ஏட்டில் எழுதப்பெற்ற எச்சரிக்கை, ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் பெற்றோருக்கு வேண்டியதாகவே இருக்கிறது.

ஆதலின், பிள்ளைக்கு ஒரு வீடியோ விளையாட்டு வாங்கித் தருமுன் பெற்றோர் இரண்டு வினாக்களைக் கேட்டல் நன்று. இதில் காசைப் பணயம் வைக்கும் சூது உண்டா? இதில் இரண்டாமவர் உட்கார இடம் உண்டா? பல்லாங்குழியில் தாய் ஆசிரியை, பிள்ளை மாணவன். திரை விளையாட்டிலோ பிள்ளையே பெரும்பாலும் ஆசிரியன். அவனிடம் மாணவராய் அமர்வதற்குப் பெற்றோர் நாணவேண்டியதில்லை. அவ்வாறு அமர்ந்து ஆடி முடித்த பின், ஒருநாள் குன்றிமணிகளைக் கையில் எடுத்து அவனை மாணவனாக அமரச் செய்யலாம். ஒரு மாலைப் பொழுதில் தலைமுறை இரண்டும் ஒன்றுக்கொன்று கற்பித்ததாகும்.